புதிய கணினியில் பழைய கருவிகள்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொண்ட கணினிகளுக்கு மட்டும் சிறிது கூடுதல் அவகாசம் தரப்பட்டது. திருத்தங்கள் வராத கணினியில் பணப் பரிமாற்றம் செய்யலாகாது என்பதை உணர்ந்த வாடிக்கையாளர் பலர் விண்டோஸ் 11 கொண்ட புதிய கணினிக்கு மாறி வருகின்றனர். மாறிய மறுநாளே வேறொரு சிக்கல் தலைதூக்குகிறது. பத்தாண்டுகளாக முணுமுணுப்பின்றி உழைத்த அச்சுப்பொறியைப் புதிய கணினி கண்டுகொள்வதில்லை. மளிகைக் கடையின் மின்னணுத் தராசு எடையை அனுப்புவதில்லை. ஸ்கேனர் விளக்கெரிந்தும் வேலை செய்வதில்லை.

விற்பனையாளரைக் கேட்டால் புதிது வாங்கச் சொல்வார். இணையத்தைக் கேட்டால் எதையாவது தரவிறக்கச் சொல்லும். முதல் யோசனை பல வேளைகளில் வீண் செலவு. இரண்டாவது யோசனை சில வேளைகளில் கணக்கிலுள்ள பணத்துக்கே கேடாய் முடிவது. எந்தக் கருவியை எவ்வளவு தூரம் மீட்கலாம், எந்த இடத்தில் கைவிட வேண்டும் என்பதை அறிய, உள்ளே நடப்பது என்ன என்பதைச் சற்றேனும் தெரிந்துகொள்வது நல்லது.

கணினிக்கும் கருவிக்கும் நடுவே டிரைவர் என்னும் சிறு நிரல் ஒன்று பணியாற்றுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துத் துபாஷியைப் போன்றது அது. இயங்குதளத்தின் ஆணையைக் கருவியின் மொழிக்கும், கருவியின் மறுமொழியை இயங்குதளத்தின் மொழிக்கும் மாற்றிச் சொல்வது அதன் தொழில். இயங்குதளம் மாறும்போது துபாஷியும் மாற வேண்டியிருக்கிறது. அவரை அனுப்ப வேண்டியது கருவியைத் தயாரித்த நிறுவனம். விற்று முடிந்த ஒரு மாதிரிக்காக மீண்டும் நிரல் எழுதுவதில் நிறுவனங்களுக்கு ஆதாயம் இல்லை என்பதால், அவர் வராமலே போய்விடுகிறார். கருவி பழுதாகிவிட்டது என்று நாம் கருதும் நிகழ்வுகளுள் பல இவ்வகையினவே. ஐயமிருப்பின் கருவியைக் கணினியிலிருந்து பிரித்துத் தனியே சோதிக்கலாம். டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிகள் பலவற்றில், தாள் நகர்த்தும் பொத்தானை அழுத்தியபடியே மின்விசையைப் போட்டால் சோதனைத் தாள் அச்சாகும். எழுத்து தெளிவாக விழுந்தால் பொறியில் குறையில்லை.

பழைய டிரைவரை அப்படியே புதிய கணினியில் நிறுவ முடியாதா என்று கேட்கலாம். குறுக்கே நிற்பவை முக்கியமாக இரண்டு. முதலாவது கணினியின் அடிப்படைக் கட்டமைப்பு. விண்டோஸ் 11 இயங்குதளத்துக்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் மட்டுமே உண்டு. 32 பிட் கணினிக்கென எழுதப்பட்ட சாதாரண நிரல்கள் அதில் ஓடும், டிரைவர்கள் ஓடா. டாஸ் காலத்து 16 பிட் பில்லிங் நிரல்கள் அறவே ஓடா. இப்போது புதிதாக ஒரு பொறியும் சேர்ந்துகொண்டுள்ளது. 2024 முதல் கடைகளில் பரவலாகத் தென்படும் ஸ்னாப்டிராகன் சில்லு கொண்ட மடிக்கணினிகள் ஆர்ம் என்னும் வேறு கட்டமைப்பைச் சார்ந்தவை. மற்றக் கணினிகளுக்கான செயலிகளை அவை ஒருவாறு மொழிபெயர்த்து இயக்கிவிடும். டிரைவரோ ஆர்ம் கட்டமைப்புக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். மின்கலம் நீண்ட நேரம் தாங்குகிறதே என்று அத்தகைய கணினியை வாங்கும் கடைக்காரர், தம் பழைய லேசர் அச்சுப்பொறி அதனோடு பேசுமா என்று பணம் கொடுப்பதற்கு முன்னரே கேட்டறிய வேண்டும். கணினியின் செட்டிங்ஸ் பகுதியில் சிஸ்டம், அதனுள் அபவுட் என்று சென்றால் எந்தக் கட்டமைப்பு என்பது ஒரே வரியில் எழுதியிருக்கும்.

இரண்டாவது தடை பாதுகாப்பு ஏற்பாடு. இதுவே நம் வாடிக்கையாளர்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. டிரைவர்களுட் சில இயங்குதளத்தின் உட்கருவிலேயே அமர்ந்து வேலை செய்கின்றன. அங்கே அமர்ந்த நிரலுக்குத் தெரியாத மறைவிடம் கணினியில் எதுவும் இல்லை. தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லும் அதற்கு எட்டும். அதனாலேயே 64 பிட் விண்டோஸ், முறையான மின்னணுக் கையொப்பம் பெறாத டிரைவரை உட்கருவில் ஏற்றுவதில்லை. விண்டோஸ் 11 இயங்குதளத்தில் மெமரி இன்டெக்ரிட்டி என்னும் மற்றொரு காவலும் உண்டு. பழைய பாணியில் எழுதப்பட்ட டிரைவர்கள், கையொப்பம் பெற்றிருந்தாலும், அதன் விதிகளுக்குள் அடங்காமல் வெளியே நிறுத்தப்படுகின்றன.

இது வீண் கெடுபிடி அன்று. 2021 ஜூலையில் வெளியான ஒரு செய்தி இதற்குச் சான்று. ஹெச்பி, சாம்சங், ஜெராக்ஸ் ஆகிய நிறுவனங்களின் அச்சுப்பொறி மென்பொருளோடு நிறுவப்படும் ஒரு டிரைவரில் பெரிய ஓட்டை இருப்பதையும், அது 2005 முதலே இருந்துவந்ததையும் ஆய்வாளர்கள் அவ்வமயம் வெளிப்படுத்தினர். பதினாறு ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாத ஓட்டை அது. அதே மாதத்தில்தான் விண்டோஸின் அச்சுப் பணி நிர்வகிப்பு நிரலிலும் பிரின்ட்நைட்மேர் என்று பெயர் பெற்ற குறை வெளிப்பட்டது. அதன் பின்னர், நிர்வாகி உரிமை உள்ளவரே அச்சுப்பொறி டிரைவரை நிறுவ இயலும் என்னும் கட்டுப்பாடு வந்தது. அச்சுப்பொறிதானே என்று அலட்சியமாக விடத்தக்க வாயில் அன்று இது.

இனி மீட்கும் வழிகள். கருவிகளில் பெருங்குழப்பம் தருவது அச்சுப்பொறி. அதன் பழமையைக் காட்டிலும் அது பேசும் மொழியே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் என்னும் பொதுமொழிகள் 1980களிலேயே தோன்றியவை. இவற்றுள் ஒன்றை அறிந்த அலுவலக லேசர் பொறி இருபது ஆண்டு மூத்ததாயினும், பொதுவான டிரைவரைக் கொண்டே புதிய கணினியில் இயங்கிவிடும். டாட் மேட்ரிக்ஸ் பொறிகளுள் பெரும்பாலானவை எப்சன் நிறுவனம் வகுத்த இஎஸ்சி/பி என்னும் கட்டளைகளைப் புரிந்துகொள்பவை. மூன்று படிகளில் கார்பன் தாள் வைத்து விலைப்பட்டியல் அடிக்கும் கடைகளில் இப்பொறிகளுக்கு இன்றும் மாற்று இல்லை. அவற்றுக்கென டிரைவர் கிடைக்காவிடினும், ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி என்னும் டிரைவர் விண்டோஸோடு கூடவே வருகிறது. ஆங்கில எழுத்தும் எண்ணும் அதில் ஓடும். தமிழோ இந்தியோ ஓடா. பொறியினுள் பொறிக்கப்பட்டுள்ள எழுத்துகளை மட்டுமே அந்த டிரைவர் அழைக்கும் என்பதே காரணம்.

சிக்கலுக்குரியவை மலிவு விலை லேசர் பொறிகள். இந்தியக் கடைகளிலும் கணக்காளர் அலுவலகங்களிலும் நிறைந்துள்ள கேனன் எல்பிபி 2900, ஹெச்பி லேசர்ஜெட் 1020 ஆகியவை இவ்வகை. விலையைக் குறைப்பதற்காக, பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் மூளை வேலையைப் பொறியிலிருந்து எடுத்துக் கணினியின் தலையில் வைத்துவிட்டனர். லேசர்ஜெட் 1020 ஒரு படி மேலே சென்று, மின்விசை போடும் ஒவ்வொரு முறையும் தன் உள் நிரலையே கணினியின் டிரைவரிடமிருந்து பெற்றுக்கொள்கிறது. டிரைவர் இல்லையேல் அது வெறும் பெட்டி. அதிர்ஷ்டவசமாக இவ்விரண்டுக்கும் 64 பிட் டிரைவர்கள் உண்டு. அவ்வளவு பெயர் பெறாத மாதிரிகளை வைத்திருப்போருக்கு அந்த உறுதி இல்லை.

டிரைவரைத் தேடும் முறைக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் கருவியை யுஎஸ்பி வடத்தில் இணைத்து, இணையத் தொடர்புடன் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். விண்டோஸ் தானே தேடும். கிடைக்காவிடில், விண்டோஸ் அப்டேட் பகுதியின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதனுள் ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்னும் இடத்தில் டிரைவர்கள் காத்துக் கிடப்பது உண்டு. பலர் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை. அடுத்து, தயாரித்த நிறுவனத்தின் தளம். விண்டோஸ் 11 என்று தனியே குறிப்பிடாவிடினும், விண்டோஸ் 10-க்கான 64 பிட் டிரைவர் பெரும்பாலும் போதும். கருவியின் பெயரே தெரியாத நிலையில் டிவைஸ் மேனேஜரில் அக்கருவியின் பண்புகளைத் திறந்தால், ஹார்ட்வேர் ஐடி என்னும் வரியில் தயாரிப்பாளருக்கு ஒன்றும் மாதிரிக்கு ஒன்றுமாக நான்கு இலக்கக் குறியீடுகள் இரண்டு இருக்கும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அப்டேட் கேட்டலாக் தளத்தில் அக்குறியீட்டைக் கொண்டே தேடலாம். இந்த வழிகளும் காலப்போக்கில் குறுகும். பிற நிறுவனங்களின் அச்சுப்பொறி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியே தருவதைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்வதாக மைக்ரோசாஃப்ட் 2023-லேயே அறிவித்துவிட்டது. ஆதலால் இன்று நன்கு இயங்கும் டிரைவரின் நிறுவு கோப்பைப் பென் டிரைவ் ஒன்றில் எடுத்து வைப்பது முன்யோசனையாகும்.

அச்சுப்பொறிக்குப் புதிய டிரைவர் இட்டபின் காசோலை அச்சிடுவோர் ஒன்றை மறக்கலாகாது. தாளின் ஓர அளவும் எழுத்தின் இடமும் டிரைவருக்கு டிரைவர் சிறிது விலகும். தொகை ஒரு கோடு கீழே இறங்கினால், காசோலையை அடித்துத் திருத்த இயலாது. சிடிஎஸ் முறையில் தீர்க்கப்படும் காசோலைகளில், செல்லுபடிக் காலத்துக்காகத் தேதியை மாற்றுவது தவிர வேறு திருத்தம் ஏற்கப்படுவதில்லை. காசோலை அளவுக்கு வெட்டிய வெற்றுத் தாளில் அடித்து, விளக்கொளியில் உண்மைக் காசோலையோடு ஒட்டி வைத்துப் பார்த்த பின்னரே முதல் காசோலையைச் செருக வேண்டும்.

தராசு, பழைய பில் பொறி போன்றவற்றில் இடர்ப்பாடு வடத்திலேயே தொடங்குகிறது. அவற்றின் ஒன்பது ஊசித் துளை புதிய கணினியில் இல்லை. யுஎஸ்பி மாற்றி வடம் ஒன்று போதும். ஆனால் அவ்வடத்தினுள்ளும் ஒரு சில்லு உண்டு. அதற்கும் டிரைவர் வேண்டும். ப்ரோலிஃபிக் நிறுவனத்தின் பழைய பிஎல் 2303 வகைச் சில்லுகள் சில 2012-இலேயே கைவிடப்பட்டவை. அவற்றின் போலிகளும் சந்தையில் ஏராளம். புதிய டிரைவர் அவற்றை இனங்கண்டு இயங்க மறுக்கும். அப்போது தராசைக் குறை கூறாமல் சில நூறு ரூபாயில் வேறு வடம் வாங்குவதே அறிவுடைமை. பார்கோடு வாசிப்பான்களுக்கோ இந்தத் தொல்லையே கிடையாது. அவை தம்மை விசைப்பலகை என்று கணினியிடம் அறிமுகம் செய்துகொள்வதால் எந்த இயங்குதளமும் அவற்றை வரவேற்கும்.

ஸ்கேனருக்கு இரண்டு மீட்சிகள் உண்டு. வியூஸ்கேன் என்னும் கட்டண மென்பொருள், தயாரிப்பாளர்கள் கைவிட்ட ஸ்கேனர்கள் பலவற்றுக்கு உயிரூட்டுகிறது. வாங்குமுன் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம். லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து தொடங்கினால், அதிலுள்ள சேன் என்னும் தொகுப்பு பல பழைய ஸ்கேனர்களை அடையாளம் காணும். அலுவலகத்துப் பெரிய நகலெடுப்பான் கணினிக் கோப்புறைக்கே நேராகப் படத்தை அனுப்புவதை நிறுத்திவிட்டதென்றால், காரணம் பெரும்பாலும் எஸ்எம்பி 1 என்னும் பழைய வலைமொழி. 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் பறித்த வானாகிரை அம்மொழியின் ஓட்டை வழியாகவே பரவியது. அவ்வாண்டின் பிற்பகுதி முதல் விண்டோஸ் அதைத் தானாக நிறுவுவதில்லை. சேவைக்கு வரும் பணியாளர் ஒரு சொடுக்கில் அதை மீண்டும் இயக்கித் தர முன்வரலாம். வேண்டாம் என்று மறுத்து, படத்தைப் பென் டிரைவில் பெற்றுக்கொள்வதே நலம்.

டிஜிட்டல் கையொப்பச் சாவியைப் பொறுத்தவரை அவசரம் கூடாது. ஜிஎஸ்டி, வருமான வரி, ஒப்பந்தப்புள்ளி ஆகியவற்றுக்காகச் சான்றிதழைச் சுமக்கும் இச்சிறு யுஎஸ்பி கருவியிலிருந்து கையொப்பத்தின் இரகசியத் திறவியைப் படியெடுக்க இயலாது. புதிய கணினி சான்றிதழைக் காட்டவில்லையே என்று அதன் மென்பொருளிலுள்ள இனிஷியலைஸ் என்னும் பொத்தானை அழுத்தினால் சான்றிதழ் அழிந்துபோகும். மறுபடியும் விண்ணப்பித்துப் பெற வேண்டியதுதான். சான்றிதழை வழங்கிய உரிமம் பெற்ற நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய மென்பொருளை நிறுவுவதே முதல் மருந்து. காலாவதி நெருங்கியிருப்பின், புதுப்பிக்கும்போது சாவியையும் புதிதாகக் கேட்டுப் பெறலாம்.

கைரேகைக் கருவி வேறு கதை. ஆதார் சரிபார்ப்புக்கு ஆதார் ஆணையம் ஏற்ற பதிவுபெற்ற கருவிகளை மட்டுமே பயன்படுத்தலாம். எல் 0 எனப்படும் பழைய வகையில் கைரேகைத் தரவு கணினியிலுள்ள மென்பொருளால் மறையாக்கப்படுகிறது. எல் 1 வகையில் கருவியின் உள்ளேயே அது நிகழ்கிறது. ஆணையம் எல் 1 வகைக்கு மாறச் சொன்னபின், வங்கி முகவர்கள் பழைய கருவிக்கு டிரைவர் தேடி அலைவதில் பயனில்லை. ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றுக்காக வாங்கி வைத்த கைரேகைக் கருவியையும் மீட்க வேண்டிய தேவை இல்லை. ஜீவன் பிரமாண் சேவையில் 2021 நவம்பர் முதல் கைப்பேசிக் கேமரா வழியே முகத்தைக் காட்டிச் சான்று அளிக்கும் வசதி வந்துவிட்டது.

இவ்வளவு பாடுபட்டும் டிரைவர் கிடைக்காதபோதுதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. மாதிரிப் பெயரைத் தேடுபொறியில் இட்டால், நிறுவனத் தளத்தைப் போலவே தோன்றும் பக்கங்கள் விளம்பரமாக முன்னே வந்து நிற்கும். சிலவற்றில் உதவி எண் ஒன்று இருக்கும். அழைத்தால் கனிவாகப் பேசுவார். கணினியைத் தொலைவிலிருந்து பார்வையிட ஒரு செயலியை நிறுவச் சொல்வார். சிறு கட்டணம் ஒன்றை இணைய வங்கி மூலம் அப்போதே செலுத்தச் சொல்வார். திரையையும் விசைகளையும் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அந்நேரத்தில் நினைவுக்கு வராது. ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட விழிப்புணர்வு நூலில் தேடுபொறி வழி மோசடியும் திரைப்பகிர்வுச் செயலி வழி மோசடியும் தனித்தனியே விளக்கப்பட்டுள்ளன. டிரைவர் தேடல் இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. எல்லா டிரைவர்களையும் தானே புதுப்பிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களும் தேவையற்றவை. கையொப்பச் சோதனையை நிறுத்துங்கள், மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்துவிடுங்கள் என்று வழிகாட்டும் காணொளிகள் நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்டவையாகவே இருக்கலாம். ஆயினும் அதைச் செய்த கணினியில் இணைய வங்கியைத் திறக்கலாகாது.

மின்னணுப் பரிமாற்ற மோசடியில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்பதை ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்தது. வங்கியின் மீதோ வாடிக்கையாளரின் மீதோ தவறில்லாத மூன்றாம் தரப்பு மீறலை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. கடவுச்சொல் முதலியவற்றைப் பகிர்ந்தமை போன்ற கவனக்குறைவால் நேர்ந்தது எனில், வங்கிக்குத் தெரிவிக்கும் நொடி வரையிலான இழப்பு அவருடையதே. ஆகவே ஐயம் எழுந்த உடனே கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, வங்கிக்கும் 1930 என்னும் இணையக்குற்ற உதவி எண்ணுக்கும் வேறொரு கைப்பேசியிலிருந்து தெரிவிக்க வேண்டும்.

அப்படியானால் டிரைவரே கிடைக்காத, ஆனால் கைவிட மனம் வராத கருவிக்கு என்ன வழி? பழைய கணினியை விற்றுவிடாமல் அதனோடேயே வைத்துக்கொள்வதுதான். ஒரே நிபந்தனை: அக்கணினியின் இணையத் தொடர்பை முற்றிலும் நீக்கிவிட வேண்டும், வை-ஃபை கடவுச்சொல்லையும் மறக்கச் செய்துவிட வேண்டும். அச்சிட வேண்டியதைப் புதிய கணினியிலிருந்து பிடிஎஃப் கோப்பாகப் பென் டிரைவில் கொண்டுபோகலாம். திரும்பி வரும் பென் டிரைவைப் புதிய கணினி வைரஸ் சோதனை செய்த பின்னரே திறக்க வேண்டும். நடந்து போய் அச்சிடுவது சற்று அலுப்பாகத்தான் இருக்கும். மாதம் இருபது பக்கம் அச்சிடுவோருக்கு அந்த அலுப்பு மலிவு. நாளுக்கு நூறு பில் போடுவோருக்குப் புதிய அச்சுப்பொறியே மலிவு. கணினித் தேர்ச்சி உள்ளோர், விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருளால் புதிய கணினிக்குள்ளேயே பழைய விண்டோஸை ஒரு தனி அறையில் அடைத்து, இணையத்தை மறுத்து, கருவியை மட்டும் அதற்குக் கொடுக்கவும் செய்யலாம்.

கைவிடத் தீர்மானித்த கருவியைப் பழைய இரும்பு வாங்குவோரிடம் போடலாகாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி அச்சுப்பொறியும் அதன் கார்ட்ரிட்ஜும் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரைச் சேர வேண்டியவை. கொடுக்குமுன், பெரிய நகலெடுப்பானாயின் அதனுள் வன்தட்டு உண்டா என்று பார்த்து அழிக்கச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்கில் படியெடுத்த பான் அட்டைகளும் காசோலைகளும் அதில் தங்கியிருக்கக்கூடும். ஸ்கேனரின் மூடியையும் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடலாம். கடைசியாக வைத்த பத்திரம் கண்ணாடியின் மேலேயே கிடப்பது அரிதன்று.